ஆறு வாசல் துளசிமணி

தப்பு உங்கள் மேல்தான். பதினாலு அடித் தெருவை அறுபது கிலோமீட்டர் ஆக்கியவர் நீங்கள்தான். நிச்சயதார்த்த மண்டபத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, துண்டை உதறி எறிந்துவிட்டு எழுந்து போனீர்களே, அன்றைக்குப் பிடித்தது இது. பேரைச் சொல்லவில்லையே என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். அரளிப்பாளையத்தில் கேபிள் நடத்துகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி துளசிமணி. மிச்சம் யார் என்று பால்வண்டிக்காரனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான்.

துளசிமணியை உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அவளைப் பார்த்ததெல்லாம் தெருவுக்கு உங்கள் பக்கத்திலிருந்துதான். மாட்டுத் தரகர் பொன்னப்பனின் மகள். பத்தொன்பது வயதில் கம்பம் ஏறினாள். மூன்று முறை கரண்ட் தூக்கி எறிந்திருக்கிறது, இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது, ஒரு முறை கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் உள்ளே செம்பே இல்லாத ஒயரை அவள் தலையில் கட்டியிருக்கிறான், அதிலிருந்து எந்த ஒயரையும் பல்லால் கடித்துப் பார்க்காமல் அவள் வாங்குவதில்லை. இப்படி அடிபட்டு அடிபட்டு ஆறு ஊர் பிடித்தாள். அரளிப்பாளையம், காட்டுவலசு, மேட்டுப்புதூர், குளத்தாங்கரை, ஓடைமேடு, மேலே ஊசிமலை. ஆயிரத்து நூறு வீடு, ஒரு மொபெட், ஒரே ஒரு போன் நம்பர். புகாருக்கும் அதே நம்பர், பாசத்துக்கும் அதே நம்பர்.

அந்த நம்பர் கிடைக்கவே கிடைக்காது. ஓடைமேட்டில் ஒருவன் கத்திக்கொண்டிருக்கும்போது காட்டுவலசில் நாலு பேர் கூப்பிட்டுக் காத்திருப்பார்கள், கிடைத்தாலும் அவள் மொபெட்டில் வந்து சேர்வதற்குள் சீரியல் முடிந்து செய்தியும் முடிந்திருக்கும். டிவியாவது பரவாயில்லை, நெட் வந்த பிறகுதான் பெரிய கூத்து. ஊசிமலையில் ஒரு பெண் பரீட்சை முடிவு பார்க்க விரலை வைப்பாள், அந்தக் கேள்வி மலையிறங்கி, ஈரோடு தாண்டி, சென்னை தாண்டி, கடலுக்கு அடியில் போய், ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு கட்டடத்தில் உலகத்துக் கேள்விகளோடெல்லாம் வரிசையில் நின்று, பதிலை வாங்கிக்கொண்டு வந்த வழியே மூச்சிரைக்கத் திரும்பி வரும். அதுவரைக்கும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போன வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, துளசிமணி ஆறு பேராக இருந்தாள்.

ஊருக்கு ஒருத்தியாக, அந்தந்த ஊரில் ஒயரெல்லாம் வந்து சேரும் பெட்டி இருக்கும் அறையின் வாசலில், அதே பச்சைச் சேலையில், கொண்டையில் செருகிய அதே டெஸ்டரோடு, ஒவ்வொருத்தியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். முதலில் கண்டவர் டவுன் பஸ் கண்டக்டர் மாரப்பன். அரளிப்பாளையத்தில் அவளுக்குக் கையாட்டிவிட்டு வந்தவர், காட்டுவலசில் அவளே பஸ்ஸை மறிப்பதைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நீங்க ஏறவே இல்லையே?"

"நான் எதுக்கு ஏறோணும்? நான் இங்கதானே இருக்கறேன். மேட்டுப்புதூர்ல எங்கிட்டச் சொல்லு, ஏணியை வெயில்ல போட வேண்டாம்னு."

மாரப்பன் மேட்டுப்புதூரில் இறங்கி அவளிடமே சொன்னார். "தெரியும் போ," என்றாள் அவள், ஆனால் அவளுக்குத் தெரியவில்லை, கௌரவத்துக்குச் சொன்னாள், சொல்லிவிட்டுப் போய் ஏணியை நிழலில் எடுத்து வைத்தாள்.

அந்த வாரமே ஆறு ஊரும் கண்டுகொண்டன. அந்த நம்பரை யார் எங்கிருந்து கூப்பிட்டாலும், அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற துளசிமணிக்கே மணி அடித்தது. முழு மணிகூட அடிக்கவில்லை, பாதி மணியிலேயே "சொல்லு" என்றாள், "சொல்லு" என்ற கையோடு வாசலில் வந்து நின்றாள். நெட்டும் அப்படியே. கடல் தாண்டிப் போன கேள்விகளெல்லாம் தெருமுனைப் பெட்டியோடு நின்றுகொண்டன, ஏனென்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த பதில்களெல்லாம் ஆறு பெட்டியிலும் ஒரே மாதிரி வந்து உட்கார்ந்திருந்தன. வட்டம் சுற்றுவது நின்றது. விரலை எடுப்பதற்கு முன்னால் படம் ஓடியது. ஓடைமேட்டுப் பெரியவர் ஒருவர், வட்டம் சுற்றும் நேரத்தில்தான் வெற்றிலை போட்டுப் பழகியவர், இப்போது எப்போது போடுவதென்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தார்.

யாரும் பயப்படவில்லை. பயப்பட நேரமில்லை, எல்லாருக்கும் கேட்க வேண்டிய கேள்வி நிறைய இருந்தது. ரேஷன் கடைக்காரர், அட்டை ஒன்று ஆள் ஆறு, எந்தத் துளசிமணிக்குச் சர்க்கரை என்று தாசில்தாருக்கு எழுதிக் கேட்டார். வாக்காளர் பட்டியல்காரர் வந்து, ஆறு வீட்டு வாசலிலும் அவளிடமே கையெழுத்து வாங்கி, ஆறும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து, யோசித்து, ஐந்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார், எந்த ஒன்று என்று அவருக்கே தெரியாது. மாரியம்மன் நோம்பிக்கு ஆறு ஊரிலும் ஒரே நாளில் முளைப்பாரி எடுத்தாள், ஆறு ஊரிலும் மழை கேட்டாள், பெய்தது என்னவோ ஊசிமலையில் மட்டும். அவள் புருஷன் ரங்கசாமியைத்தான் எல்லாரும் நோண்டினார்கள்.

"ஏன் மச்சான், எந்த வீட்டுக்குப் போறதுன்னு குழப்பம் இல்லையா?"

"என்ன குழப்பம்? எந்த ஊருக்குப் போனாலும் சோறும் இருக்குது, திட்டும் இருக்குது. சோறுதான் ஊருக்கு ஊரு உப்பு மாறுது, திட்டு அப்படியே இருக்குது."

டீக்கடையில் மட்டும் வெகுநாள் சண்டை ஓடியது, இதில் நிஜத் துளசிமணி யார் என்று. கடைசியில் ஒருவன் துணிந்து அவளையே கேட்டான்.

"உங்க வீட்ல டிவி தெரியுதா?" என்றாள்.

"தெரியுதுங்."

"நெட்டு?"

"பறக்குதுங்கக்கா."

"அப்ப நாந்தான் நெசம். போய் சோலியைப் பாரு."

ஐப்பசியில் மேட்டுப்புதூர்த் துளசிமணிக்குச் சிக்குன்குனியா வந்தது. முட்டி வீங்கி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மேட்டுப்புதூரில் அன்றைக்கும் முந்நூறு வீட்டில் டிவி தெரிந்தது, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் "சொல்லு" என்ற குரல் வந்தது, மணி கால்வாசி கூடுதலாக அடிக்கிற அளவுக்கு ஒரு தாமதம், அவ்வளவுதான். அவள் படுத்த அந்த நிமிஷமே அவளுக்கு வர வேண்டிய மணியெல்லாம் யாரும் சொல்லாமல் குளத்தாங்கரைக்காரிக்கு அடிக்க ஆரம்பித்திருந்தன. தையல்காரி சரசு ஒருத்திதான் கண்டுபிடித்தாள். "அக்கா, உங்களுக்குப் பின்னால மாவு மில்லு ஓடற சத்தம் கேக்குது, நம்மூர்ல ஏது மில்லு?" என்றாள். பத்து நாள் கழித்து மேட்டுப்புதூர்க்காரி எழுந்து கதவைத் திறந்தாள், மணியெல்லாம் திரும்பி வந்தன. முன்னாலெல்லாம் துளசிமணிக்கு ஒரு தும்மல் வந்தால் ஆறு ஊருக்கும் டிவி இருட்டிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதிசயத்துக்கும் சட்டம் உண்டு, அவள் அதை ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டாள். ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்கு உடனே தெரியாது. மறுநாள் காலையில், முதல் டம்ளர் காப்பி தொண்டையில் இறங்கும்போது, நேற்று ஆறு ஊரிலும் ஆறு பேரும் பேசியது, பார்த்தது, திட்டியது எல்லாம் ஆறு பேருக்குள்ளும் சேர்ந்தே இறங்கும். அவசரத்துக்கு இன்னொருத்தியைக் கூப்பிட முடியாது. அரளிப்பாளையத்துத் துளசிமணி தன் நம்பரையே அடித்தால் அவள் கையிலிருக்கிற போனே அடிக்கும், எடுத்தால் அவள் குரலையே அவள் கேட்பாள். அவளாக வெளியே யாரையாவது கூப்பிட்டால் அவள் பேச்சு போய்ச் சேரும், ஆனால் அவர்கள் சொல்லும் பதில், அவர்களுக்கு எவள் கிட்டமோ அவளிடம் போகும். இது எதுவும் யாருக்கும் தொந்தரவாகப் படவில்லை, ஏனென்றால் கூப்பிடுகிறவருக்குக் கிட்டத்தில் இருப்பவள்தானே எடுக்கிறாள், பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

ஒரே ஒரு வீட்டைத் தவிர. உங்கள் வீடு.

எதிர்வீடு. உங்கள் மாடி ஜன்னலிலிருந்து துப்பினால் அவள் வாசல் கோலத்தில் விழும். அந்த வீட்டுக்கு அவள் மகள் கோகிலவாணி உங்கள் மருமகளாக வந்து இரண்டு வருஷமாகிறது. உங்கள் மகனும் அவளும் காலேஜ் பஸ்ஸில் பழகி, இரண்டு வீட்டிலும் அழுது, அடம்பிடித்து ஒப்புக்கொள்ள வைத்த கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று நீங்கள்தான் கேட்டீர்கள். "சம்பந்தம் ஆவுது, ரெண்டு லைனையும் தெருவுக்கு நடுவுல சேர்த்து முடிஞ்சிரலாமுங், எத்தனை தெரு உங்களுக்கு, எத்தனை தெரு எனக்கு, பேசி வச்சுக்கலாம்." பேச்சாகப் பேசினால் சபையில் வாய் தடிக்கும் என்று, அவள் அப்பன் சந்தையில் மாடு முடிக்கிற மாதிரி, துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசலாம் என்றாள் துளசிமணி. ஒரு விரல் பிடித்தால் அவளுக்கு ஒரு தெரு. வெளியே இருக்கிறவர்களுக்கு இரண்டு முகம் மட்டும் தெரியும், துண்டு அசைவது தெரியும், வேறொன்றும் தெரியாது.

மூன்று விரலில் தொடங்கி நாலுக்கு வந்தீர்கள். அவள் ஐந்தும் கேட்டாள். நீங்கள் கையை இழுத்தீர்கள். இழுத்த கையை விடாமல் அவள் உங்கள் சுண்டுவிரலைப் பிடித்து முறுக்கினாள். ஆமாம், முறுக்கினாள். மறைக்கவில்லை. சந்தையில் அப்படி முறுக்கினால் "பார்த்துச் சொல்லுங்" என்று அர்த்தம், அவள் அப்பன் அப்படித்தான் ஆயிரம் மாடு முடித்தார். உங்களுக்கு அது தெரியாது. உங்களுக்கு வலித்தது, அதைவிட, ஒரு பொம்பளை முறுக்கி வலித்தது. துண்டை உதறினீர்கள். "கல்யாணம் நடக்கட்டும். இவ என் வாசலை மிதிக்கக் கூடாது, எம்மருமவ இவ வாசலுக்குப் போகக் கூடாது, என் லைனு இவ லைனைத் தொடக் கூடாது," என்றீர்கள். அவளும் சும்மா இருப்பாளா? "இந்தக் கை தானா துண்டுக்குள்ள திரும்பி வர்ற வரைக்கும் உங்க வாசல்ல என் செருப்புகூடக் கிடக்காது," என்றாள்.

இப்போது கேளுங்கள். மணி போவது கம்பி வழியாக, கம்பிக்கு அடிக்கணக்குத் தெரியாது. எங்கே இரண்டு பேர் கைகொடுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார்களோ அந்த வழியாகத்தான் அது போகும், அதற்கு அதுதான் கிட்டம். உங்கள் லைனும் அவள் லைனும் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் தொட்டுக்கொள்கின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசிமலையில் மண் சரிந்து அவள் கம்பம் போனபோது, "எங்கம்பத்துல கட்டிக்க அம்மிணி, இதுக்கெல்லாம் கேக்கோணுமா," என்று சொல்லிக் கொட்டுகிற மழையில் நீங்களே முடிச்சுப் போட்டீர்களே, அங்கே. அன்றைக்கு நீங்கள் நல்லவர். கோபத்தில் எல்லாவற்றையும் வெட்டின நீங்கள் அந்த ஒரு முடிச்சை மறந்துவிட்டீர்கள்.

அதனால் எதிர்வீட்டு வாணி தன் அம்மாவைக் கூப்பிட்டால், அந்த மணி தெருவைத் தாண்டாது. உங்கள் லைனில் டவுனுக்குப் போய், அங்கிருந்து மலைக்கு ஏறி, அறுபது கிலோமீட்டர் சுற்றி, ஊசிமலை முடிச்சில் தாண்டி, அங்கே மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் துளசிமணிக்கு அடிக்கும். உங்கள் நானூறு வீட்டுக்கும் இதே கதைதான், ஆனால் அவர்கள் அவளைக் கூப்பிட வேண்டியதில்லை. வாணிக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு வயிற்றில் நாலு மாதம் அப்போது.

"அம்மா, வாசலுக்கு வாயேன். மாடியிலிருந்து ஒருக்கா பாத்துக்கறேன்."

மலைத் துளசிமணி எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிரே பள்ளத்தாக்கு இருந்தது.

"வந்துட்டேன் சாமி."

"எங்க வந்தே? கதவு சாத்தித்தானே கெடக்குது?"

"நான் மலையில இருக்கறவ கண்ணு. உன்ற போனு எனக்குத்தான் வருது."

"ஊருக்கெல்லாம் பக்கத்துல இருக்கறவ எடுக்கறா, எதிர்வீட்ல இருக்கற எனக்கு மட்டும் மலைக்குப் போவுதாக்கும்? வர மனசில்லைன்னா மனசில்லைன்னு சொல்லும்மா. மலை கிலைன்னு கதை கட்டாதே."

மறுநாள் காலை, இந்தப் பேச்சு முழுக்க அரளிப்பாளையத்துத் துளசிமணிக்குக் காப்பியோடு இறங்கியது. டம்ளரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது, தெருவிலிருந்து கத்தினால் உங்கள் காதில் விழும், அதற்கு அவள் வீம்பு விடவில்லை. அவள் மகளைக் கூப்பிட்டாள், "வாணி, வந்துட்டேண்டி, பாரு," என்று போனில் சொன்னாள், வாணி என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்குக் கேட்கவில்லை, அது மலையில் கேட்டது. அதை அவள் அதற்கு அடுத்த நாள் குடித்தாள். "நேத்து கூப்பிட்டதுக்கு இன்னைக்கு நாடகமா?" என்பதுதான் அது. ரங்கசாமியை விட்டுச் சொல்லச் சொன்னாள். அவர் உங்கள் கேட்டுக்கு வெளியே நின்று "அம்மா எல்லா எடத்துலயும் இருக்கறா, ஆனா உனக்கு மட்டும் அங்க இருக்கறா" என்று ஏதோ குழப்பிச் சொல்லி, வாணியை இன்னும் அழவைத்துவிட்டு வந்தார்.

இப்படியே ஐந்து மாதம். பதினாலு அடிக்கு அந்தப் பக்கம் மகள் வாந்தி எடுத்ததை, குழந்தை முதல்முதலாக உதைத்ததை, நீங்கள் மாங்காய் வாங்கிக்கொண்டு வந்து பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனதை எல்லாம் துளசிமணி ஒரு நாள் பழசாகவே தெரிந்துகொண்டாள். காப்பி தினமும் ஆறிப்போனது. ஆயிரத்து நூறு வீட்டுக்குப் பாதி மணியில் போய் நிற்கிறவள், ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு நாள் பிந்தி வந்துகொண்டிருந்தாள். வளைகாப்புக்கு உங்கள் வீட்டில் கூட்டம் கூடியபோது அவள் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று வளையல் சத்தத்தைக் கேட்டாள். அது ஒன்றுதான் அவளுக்கு அன்றைக்கே கிடைத்தது.

நேற்று என்ன நடந்ததென்றால், அரளிப்பாளையத்தில் தார் உருகுகிற வெயில். மதியம் சாப்பிட்டுவிட்டு வாணி கூப்பிட்டாள். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, அதென்ன சத்தம்?"

"மழைடி. தகரத்துல விழுவுது."

வாணி ஜன்னலைத் திறந்தாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. எதிர்வாசலில் அவள் அம்மா வெயிலில் உட்கார்ந்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இல்லை.

"நீ நெசமாவே மலையிலதான் இருக்கியா?"

"அஞ்சு மாசமா அதைத்தானே சொல்றேன்."

"அப்ப அங்க உக்காந்திருக்கறது?"

"அதுவும் நாந்தான். நீ சொல்றது அவளுக்கு நாளைக்குக் காலையிலதான் தெரியும்."



"டாக்டரம்மா சனிக்கிழமைன்னு சொல்லியிருக்காங்க," என்றாள் வாணி. "வலி வந்தா உன்னைத்தாம்மா முதல்ல கூப்புடுவேன். வலி அடுத்த நாள் காலை வரைக்கும் நிக்குமா?"

மலைத் துளசிமணி பஸ்ஸை எண்ணிப் பார்த்தாள். மலையிலிருந்து பஸ் நாளுக்கு இரண்டு.

இன்று காலை அது ஆறு தொண்டையிலும் இறங்கியது. ஐந்து ஊரில் ஐந்து பேர் டம்ளரை வைத்துவிட்டு, அடிக்கிற மணியை எடுத்து "சொல்லு" என்றார்கள், வேறென்ன செய்வார்கள். அரளிப்பாளையத்துத் துளசிமணி மட்டும் உள்ளே போய் அவள் அப்பனின் துண்டை எடுத்தாள். அதே காவித் துண்டு, மண்டபத்தில் நீங்கள் உதறி எறிந்ததும் அவள் குனிந்து எடுத்துக்கொண்ட துண்டு. ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவுக்கு நடுவில் நிறுத்தினாள், உங்கள் ஒயரும் அவள் ஒயரும் கைக்கெட்டும் தூரத்தில் தனித்தனியாகத் தொங்குகிற இடத்தில். உங்கள் வாசலை மிதிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள், வாசலுக்கு ஏழு அடி வெளியே நிற்கிறாள். வலது கையை நீட்டி அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு எட்டு மணியிலிருந்து நிற்கிறாள். மணி இப்போது பதினொன்று. டவுன் பஸ் வந்து, ஏணியைப் பார்த்து, நின்றுவிட்டது. மாரப்பன் இறங்கிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். யாரும் ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை.

மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. வாணி அங்கே நிற்கிறாள், ஒரு கை இடுப்பில், ஒரு கை ஜன்னல் கம்பியில். அம்மாவும் மகளும் ஒரே நாளில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது இந்த ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. நீங்களோ கீழே நாற்காலியில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறீர்கள்.

எழுந்து வாங்க. எத்தனை விரல் வேண்டுமானாலும் பிடியுங்கள், அவள் இன்றைக்கு ஒற்றை விரலுக்குக்கூட ஒப்புக்கொள்வாள், அவளைப் பேரத்தில் இவ்வளவு மலிவாக இனி எந்தக் காலத்திலும் யாரும் பிடிக்க முடியாது. கேட்டைத் திறங்க. ஏணி இருக்கிறது, ஒயர் இருக்கிறது, அந்த ஒரு முடிச்சைப் போடுங்க. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டுகிற மழையில் போட்ட கைதானே அது? நாளைக் காலை முதல் டம்ளர் காப்பியில் ஆறு துளசிமணிக்கும் ஒரே சேதி இறங்கப்போகிறது, அது என்ன சேதி என்பது உங்கள் கையில் இருக்கிறது. துண்டு விரித்தபடி இருக்கிறது. கையை உள்ளே விடுங்க. சுண்டுவிரலை அவள் தொடமாட்டாள்.